உலகளாவிய சிறுபிள்ளை ஊழிய மாநாட்டுக்குப் போகிறவர்களுக்கு: பதிவு முதல் திரும்பி வந்தபின் வரை

ஞாயிறு பள்ளி முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள், எட்டு வயதுப் பையன் ஒருவன் மட்டும் கதவோரம் நின்றான். "அக்கா, நான் தினமும் ஜெபம் பண்ணினேனே, அப்புறம் ஏன் தாத்தா செத்துப்போனார்?" என்று கேட்டான். தாத்தா பரலோகத்தில் இருக்கிறார், கர்த்தருக்கு எல்லாம் தெரியும் என்று ஏதோ சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். நான் சொன்ன பதில் அவனிடம் போய்ச் சேரவே இல்லை என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது.

மூன்று வாரம் கழித்து, பல நாட்டு ஊழியர்கள் கூடும் சிறுபிள்ளை ஊழிய மாநாடு ஒன்றுக்குப் போகும் வாய்ப்பு வந்தது. அதற்கு முன்பும் இரண்டு மாநாடுகளுக்குப் போயிருக்கிறேன். இரண்டு முறையும் பை நிறையக் கையேடுகளோடும் மனசு நிறைய உற்சாகத்தோடும் திரும்பினேன். ஒரு மாதத்தில் எல்லாம் அடங்கி, வகுப்பு பழையபடியே நடந்தது. இந்த முறை அந்தப் பையனின் கேள்வியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். எந்த அமர்வில் உட்காருவது, யாரிடம் பேசுவது, எதை விட்டுவிடுவது என்பதையெல்லாம் அந்த ஒரு பக்கமே தீர்மானித்தது. அதனால் இந்த வழிகாட்டியும் அங்கிருந்தே தொடங்குகிறது.

படி 1: ஒரு பிள்ளையின் கேள்வியோடு புறப்படுங்கள்

பதிவுப் படிவத்தைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்து, நீங்கள் கவனித்துவரும் பிள்ளைகளில் ஒருவரையோ இருவரையோ நினைத்து எழுதுங்கள். பேர் வேண்டாம், அடையாளம் போதும்: "பேசவே பேசாத ஆறு வயதுப் பெண்", "அப்பா வீட்டை விட்டுப் போன பையன்", "வசனம் எல்லாம் மனப்பாடம், ஆனால் பக்கத்தில் இருப்பவனை அடிக்கிறான்." அதன் கீழே அந்தப் பிள்ளையைப் பற்றி உங்களுக்கு விடை தெரியாத ஒன்றை எழுதுங்கள்.

"சிறுபிள்ளை ஊழியத்தைப் பற்றிக் கற்றுக்கொள்ள" என்று போனால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும், எதுவும் ஒட்டாது. சபையில் நேரடியாகப் பிள்ளைகளோடு வேலை செய்யாத ஒருவராக இருந்தால், போவதற்கு முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாவது வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். கேள்வி தானாகக் கிடைக்கும்.

படி 2: எந்த மாநாடு என்று பிரித்துப் பாருங்கள்

எல்லா மாநாடும் ஒரே வகை கிடையாது. பெரிய கூட்டங்கள் உண்டு: ஊழியம் போக வேண்டிய திசையைப் பேசுபவை, பல நாட்டுத் தலைவர்கள் வருபவை. பயிற்சி மாநாடுகள் உண்டு: கதை சொல்வது, பாடம் தயாரிப்பது, விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துவது என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பவை. மிஷன் அமைப்புகள் தங்கள் பணியை அறிமுகப்படுத்த நடத்துபவை இன்னொரு வகை; அங்கே ஆள் சேர்ப்பதும் நன்கொடை கேட்பதும் நிகழ்ச்சியின் பகுதியாகவே இருக்கும். அதில் தவறில்லை, தெரிந்துகொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். முதல்முறை போகிறவருக்கும் வகுப்பு எடுக்கிறவருக்கும் பயிற்சி மாநாட்டையே நான் சொல்வேன். சபையில் திட்டமிடும் பொறுப்பில் இருப்பவருக்குப் பெரிய கூட்டம் பயன்படும்.

ஒரு மாநாட்டை நம்பலாமா என்று பார்க்க நான் கவனிப்பவை இவை. நடத்துவது யார், அவர்களுடைய விசுவாச அறிக்கை வெளியே இருக்கிறதா? பேச்சாளர்களில் எத்தனை பேர் இன்றைக்கும் பிள்ளைகளோடு தரையில் உட்காருகிறவர்கள்? பிள்ளைகள் பாதுகாப்புக் கொள்கை எழுத்தில் இருக்கிறதா, கேட்டால் தருகிறார்களா? வரவு செலவு கணக்கை வெளியிடுகிறார்களா? பாதுகாப்புக் கொள்கையைப் பற்றிக் கேட்டதற்கு "நாமெல்லாம் விசுவாசிகள்தானே" என்று பதில் வந்தால் அந்த மாநாட்டை விட்டுவிடுங்கள். இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. கிறிஸ்தவ மாநாட்டின் பேரில் மோசடி அழைப்புகள் நிறைய வருகின்றன. விமான டிக்கெட்டும் தங்குமிடமும் நாங்களே தருகிறோம், நீங்கள் விசா கட்டணத்தையோ ஓட்டல் முன்பணத்தையோ மட்டும் இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள் என்று கடிதம் இருக்கும். நீங்கள் விண்ணப்பிக்காத மாநாட்டிலிருந்து அழைப்பு வந்தாலே சந்தேகப்படுங்கள். மாநாடு நடக்கும் இடத்தின் அலுவலகத்தை நீங்களே தேடிக் கண்டுபிடித்து, அந்தத் தேதியில் அப்படி ஒரு கூட்டம் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். கடிதத்திலேயே கொடுத்திருக்கும் எண்ணைக் கூப்பிட்டு உறுதி செய்வதில் பயனில்லை, மோசடிக்காரர்தான் எடுப்பார். ஊழிய வாஞ்சை உள்ளவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பது வேதனையான விஷயம்.

படி 3: சபை, பணம், பயண ஆவணங்கள்

முதலில் உங்கள் போதகரிடம் பேசுங்கள். பல மாநாடுகள் சபையின் பரிந்துரைக் கடிதம் கேட்கும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியம், சபை அனுப்பி நீங்கள் போனால் திரும்பி வந்து சொல்வதைக் கேட்க ஆட்கள் இருப்பார்கள். போதகரிடம் பேசும்போதே, "வந்தபின் எனக்குப் பத்து நிமிடம் தாருங்கள்" என்று கேட்டுவிடுங்கள். வீட்டிலும் உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் சொந்தப் பிள்ளைகளை நான்கு நாள் விட்டுவிட்டு மற்றப் பிள்ளைகளுக்காகப் போகிறீர்கள். ஏன் போகிறீர்கள் என்று அவர்களுக்குப் புரியும்படி நீங்களே சொல்ல வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, முன்கூட்டியே பதிவு செய்தால் பெரும்பாலும் கட்டணம் குறையும். உதவித்தொகை இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள், ஆனால் சீக்கிரம் கேளுங்கள். கடைசி மாதத்தில் அந்தப் பணம் தீர்ந்திருக்கும். கடன் வாங்கிப் போகாதீர்கள். இப்போது பல மாநாடுகளில் முக்கிய உரைகளை இணையத்திலும் பார்க்கலாம். அதையும் ஒருவர் தனியாகப் பார்ப்பதைவிட, சபையின் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து பார்த்து, இடையிடையே நிறுத்திப் பேசினால் நன்றாகவே பயன்படும்.

வெளிநாட்டில் என்றால் பாஸ்போர்ட்டை முதலில் பாருங்கள். பயணத் தேதியிலிருந்து ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. விசாவுக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விதி. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் போய்வரக்கூடியவை) என்றால் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது கொடுத்துவிட வேண்டும், குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடும் வேண்டும். மாநாட்டின் அழைப்புக் கடிதம் இருந்தால் விசா உறுதி என்று நினைக்க வேண்டாம், அது பல தாள்களில் ஒன்று, அவ்வளவே. விசா கைக்கு வரும்வரை திரும்பப் பெற முடியாத டிக்கெட்டை வாங்க வேண்டாம். படிவத்தில் பயணக் காரணத்தை உள்ளபடியே எழுதுங்கள். மாநாட்டுக்குப் போகிறவர் சுற்றுலா என்று எழுதிவிட்டு அங்கே போய் சத்தியத்தைப் பற்றிப் பேசுவது சரியாக இருக்காது.

படி 4: போகும் முன் படிக்க வேண்டியவை

இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். மேடையில் பேசுகிறவர்கள் சில சொற்களையும் எண்களையும் எல்லாருக்கும் தெரிந்தவைபோலச் சொல்லிக்கொண்டே போவார்கள்.

வேதத்திலிருந்து தொடங்குங்கள். மாற்கு 10:13 முதல் 16 வரை மெதுவாகப் படியுங்கள். பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களை அதட்டியது எதிரிகள் இல்லை, சீஷர்கள். ஊழியத்தில் மும்முரமாக இருந்தவர்கள். இயேசு அதைக் கண்டு விசனமடைந்தார் என்று எழுதியிருக்கிறது. பிறகு மத்தேயு 18-ன் தொடக்கம்: யார் பெரியவன் என்ற கேள்விக்கு அவர் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு நடுவே நிறுத்தினார். இவற்றோடு பிள்ளைகளே வேலை செய்த இடங்களையும் பாருங்கள். 2 இராஜாக்கள் 5-ல் நாகமானின் வீட்டில் இருந்த சிறுபெண் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவள். அவள் சொன்ன ஒரு வாக்கியத்தில்தான் முழுக் கதையும் நகர்கிறது. யோவான் 6-ல் ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்தது ஒரு பையன். குடும்பத்தின் பங்குக்கு உபாகமம் 6-ஐயும், பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் வரும் 2 தீமோத்தேயு 1-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கொஞ்சம் வரலாறு. 1780-ல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரைக்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியபோது, அது வாரம் முழுக்க வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுத்த பள்ளி. வாசிக்கப் பழகியது வேதாகமத்தை வைத்துத்தான். அக்கறையும் சுவிசேஷமும் தொடக்கத்திலேயே ஒன்றாக இருந்தன என்பதற்காக இதைச் சொல்கிறேன். இரண்டில் எது முக்கியம் என்ற வாதத்தை மாநாட்டில் கட்டாயம் கேட்பீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜோசையா ஸ்பியர்ஸின் கதை. இன்று ஸ்கிரிப்சர் யூனியன் என்று அறியப்படும் இயக்கம் 1867-ல் லண்டனில் அவர் பிள்ளைகளுக்காக நடத்திய கூட்டங்களிலிருந்து வளர்ந்தது. மறுவருடம் அவர் வேல்ஸ் நாட்டின் லாண்டட்னோ கடற்கரைக்குப் போனார். அங்கே விளையாடிய பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பிரசங்கிக்கவில்லை. மணலில் 'தேவன் அன்பாகவே இருக்கிறார்' என்ற வசனத்தைப் பெரிய எழுத்தாக வரைந்தார். கற்களையும் கடற்பாசியையும் வைத்து அந்த எழுத்துகளை அலங்கரிக்கப் பிள்ளைகளை விட்டார். கை நிறையப் பாசியோடு ஒரு குழந்தை ஓர் எழுத்தின் வளைவில் குந்தி உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். வசனத்தைக் கேட்கும் முன்பே அதை அது தொட்டுவிட்டது. பயிற்சிப் பட்டறையில் ஒரு புது முறையைக் காட்டும்போதெல்லாம் நான் அந்தக் கடற்கரையை நினைத்துக்கொள்வேன்: இதில் பிள்ளையின் கைக்கு வேலை இருக்கிறதா?

உலகளாவிய கூட்டங்களின் வரிசையும் தெரிந்திருக்கட்டும். 1910-ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாடு. 1974-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஏறக்குறைய 150 நாடுகளிலிருந்து கூடிய மாநாடு. உலகச் சுவிசேஷப் பணிக்கான லோசான் இயக்கத்துக்கு அந்தப் பேர் வந்தது அதனால்தான். அதன் பிறகு 1989-ல் மணிலா, 2010-ல் கேப் டவுன், 2024-ல் தென்கொரியாவின் இஞ்சியோன். மணிலாவில் மிஷன் தலைவர் லூயிஸ் புஷ், பின்னர் '10/40 ஜன்னல்' என்று பேர்பெற்ற எண்ணத்தை முன்வைத்தார்: ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வடக்கு அட்சரேகை 10 பாகைக்கும் 40 பாகைக்கும் இடைப்பட்ட பகுதி, சுவிசேஷம் மிகக் குறைவாகச் சென்றடைந்த மக்கள் அதிகம் வாழும் இடம் என்று. அதைப் பின்பற்றிப் பிறந்ததுதான் '4/14 ஜன்னல்'. இது நிலப்பரப்பு இல்லை, வயது. நான்கிலிருந்து பதினான்கு. லூயிஸ் புஷ்ஷே பின்னாளில் இதை உலக இயக்கமாக எடுத்துச் சென்றார்.

இந்த இடத்தில் எண்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். "விசுவாசத்துக்கு வருகிறவர்களில் 85 சதவீதம் பேர் 4 முதல் 14 வயதுக்குள் வருகிறார்கள்" என்று மேடையில் கேட்பீர்கள். அது 1990-களில் பிரபலமான கணக்கு, அமெரிக்காவைப் பற்றியது. அதே அமெரிக்காவில் பார்னா குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வு, 13 வயதுக்கு முன் 43 சதவீதம், 18 வயதுக்கு முன் 64 சதவீதம் என்கிறது. இரண்டுமே இளவயது முக்கியம் என்றுதான் காட்டுகின்றன, ஆனால் 85-க்கும் 43-க்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சின்னது இல்லை. வேறு நாட்டுக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. ஒரு எண் மேடையில் வந்தால் எந்த நாடு, எந்த வருடம், யாரைக் கேட்டார்கள் என்ற மூன்றையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். தெரியவில்லை என்றால் அந்த எண்ணை உங்கள் சபையில் சொல்லாதீர்கள். பிள்ளைகளுக்காகப் பேசுகிறவர் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும்.

படி 5: நிகழ்ச்சி நிரலில் எதை எடுப்பது, எதை விடுவது

பொது அமர்வுகளுக்கு எல்லாரும் போவார்கள், அதில் தேர்வு இல்லை. பட்டறைகளில்தான் ஒரே நேரத்தில் எட்டு பத்து நடக்கும். நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தேர்ந்தெடுங்கள். உங்களுக்கு நன்றாக வரும் விஷயத்தை விடுங்கள். பொம்மலாட்டம் நன்றாகச் செய்கிறவர் மறுபடி பொம்மலாட்டப் பட்டறையில் உட்கார்ந்தால் சந்தோஷமாக இருக்கும், ஆனால் துக்கத்தில் இருக்கும் பிள்ளையோடு பேசத் தெரியாது என்ற குறை அப்படியே இருக்கும்.

பாதுகாப்பைப் பற்றிய அமர்வு ஒன்றைக் கட்டாயம் எடுங்கள். நான் போன அமர்வில், பயிற்சி கொடுத்தவர் எங்களை நடிக்கச் சொன்னார். ஒருவர் பிள்ளை, ஒருவர் ஆசிரியர், பிள்ளை ஒரு ரகசியத்தைச் சொல்ல வருகிறது. ஆசிரியராக நடித்தவர் எடுத்ததும் "யாரிடமும் சொல்ல மாட்டேன், சொல்லு" என்றார். பயிற்சியாளர் கையை உயர்த்தி நிறுத்தினார். அந்த வாக்குறுதியை நீங்கள் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் கூடாது என்றார். "என்னிடம் சொன்னது நல்லது. நான் நம்புகிறேன். உன்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள இன்னொருவரிடமும் நான் சொல்ல வேண்டியிருக்கும்" என்று எங்களை ஒவ்வொருவராக வாய்விட்டுச் சொல்ல வைத்தார். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. சொல்லிப் பார்த்தால் நாக்கு தடுமாறும். அதனால்தான் பழக வேண்டும். ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, வகுப்பறைக் கதவில் கண்ணாடி இருக்க வேண்டும் அல்லது கதவு திறந்திருக்க வேண்டும், புகார் வந்தால் யாரிடம் போக வேண்டும் என்று எழுத்தில் இருக்க வேண்டும் என்று அன்றைக்குக் கற்ற மற்றவையும் அதே அளவு முக்கியம்.

ஒரு நாளைக்கு ஒரு இடைவெளியைக் காலியாக விடுங்கள். எழுதியதைப் படிக்க, ஜெபிக்க, சும்மா உட்கார.

படி 6: மாநாட்டு நாட்களில்

குறிப்பு எடுப்பதற்கு நான் பக்கத்தை இரண்டாக மடிப்பேன். இடது பக்கம் கேட்டது. வலது பக்கம் அது என் வகுப்பில் எந்தப் பிள்ளைக்கு. வலது பக்கம் காலியாகவே இருந்தால் அந்த உரை நல்லதாக இருந்தாலும் எனக்கானது இல்லை என்று தெரிந்துகொள்வேன்.

உங்கள் சபை ஆட்களோடு சேர்ந்தே உட்காராதீர்கள், சாப்பிடாதீர்கள். நாளுக்கு ஒரு வேளையாவது தெரியாத நாட்டுக்காரர் மேசைக்குப் போங்கள். மொழி அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. "உங்கள் ஊழியம் எப்படிப் போகிறது?" என்று கேட்டால் சாட்சி கிடைக்கும். "நீங்கள் செய்து பார்த்துச் சரிவராமல் போனது எது?" என்று கேட்டால் பாடம் கிடைக்கும். அப்படிக் கேட்டதில்தான், மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் பல வருடம் பணி செய்த ஒரு சகோதரியைச் சந்தித்தேன். முதல் இரண்டு வருடமும் பிள்ளைகளின் கேள்விக்கெல்லாம் உடனே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், அதுதான் என் தவறு என்றார். என் நோட்டைத் திறந்து பையனின் கேள்வியைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "இது அவனுடைய உண்மையான கேள்வியாக இல்லாமலும் இருக்கலாம். பதில் சொல்லாதே. 'உனக்கு என்ன தோணுது?' என்று கேட்டுவிட்டு, அவன் பேசும்வரை பக்கத்தில் உட்கார்ந்திரு" என்றார். அவ்வளவுதான். நான்கு நாளில் நான் கேட்ட எல்லா உரைகளையும்விட அந்த மேசையில் கிடைத்தது பெரியது.

படம் எடுப்பதில் கவனம் வேண்டும். மாநாட்டுக்கு வருகிறவர்களில் சிலர் வெளிப்படையாக ஊழியம் செய்ய முடியாத இடங்களிலிருந்து வருகிறார்கள். அவர்கள் முகமும் பேரும் சமூக ஊடகத்தில் வந்தால் அவர்களுக்கும், அவர்கள் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் ஆபத்து. சில இடங்களில் பெயர் அட்டையின் நிறத்தாலேயே படம் வேண்டாம் என்று காட்டியிருப்பார்கள். அப்படி இல்லாவிட்டாலும் கேட்டுவிட்டு எடுங்கள், உடனே பதிவிடாதீர்கள். மேடையில் பாடும் பிள்ளைகளுக்கும் இதேதான்.

கண்காட்சிக் கூடத்தில் பாடப் பொருள்கள் குவிந்திருக்கும். எல்லாவற்றையும் அள்ளாதீர்கள். மொழிபெயர்த்துப் பயன்படுத்த அனுமதி உண்டா என்று அங்கேயே கேட்டு, மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அர்ப்பணிப்பு நேரம் வரும். இசை மெதுவாக ஒலிக்கும், அட்டை கொடுப்பார்கள்: மாதம் இவ்வளவு தருகிறேன், இந்த நாட்டுக்குப் போகிறேன், இத்தனை பிள்ளைகளைத் தாங்குகிறேன். மனசு உடைந்திருக்கும் அந்த நேரம் உண்மையானது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் அட்டையை மடித்து வேதாகமத்துக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். துணையோடும் போதகரோடும் பேசுங்கள், ஜெபியுங்கள். ஒரு மாதம் கழித்தும் அந்தப் பாரம் இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். ஒரு பிள்ளையைத் தாங்குகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாதியில் நிறுத்தினால் அடிபடுவது அந்தப் பிள்ளைதான்.

படி 7: கேட்டதைச் சோதித்துப் பாருங்கள்

சிறுபிள்ளை ஊழியத்தில் நல்ல மனதோடு செய்யப்படும் தவறுகள் உண்டு. மாநாட்டில் எதைக் கேட்டாலும் இந்த நான்கு இடங்களில் நின்று யோசியுங்கள்.

பயமுறுத்தி எடுக்கவைக்கும் தீர்மானம். ஏழு வயதுப் பிள்ளை பயத்தில் கையைத் தூக்கும், பெரியவர் சந்தோஷப்படுவார் என்பதற்காகவும் தூக்கும். அந்தக் கைகளை எண்ணி அறிக்கை எழுதுவது எனக்குச் சம்மதமில்லை.

பெற்றோர். பெற்றோருக்குத் தெரியாமல், அவர்கள் அனுமதி இல்லாமல் பிள்ளைகளை அணுகும் எந்த முறையையும் எடுத்துக்கொண்டு வராதீர்கள். 1989-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 14-வது பிரிவு பிள்ளையின் சிந்தனை, மனச்சாட்சி, சமயச் சுதந்திரத்தையும், அதில் வழிநடத்தும் பெற்றோரின் உரிமையையும் கடமையையும் சேர்த்தே சொல்கிறது. உங்கள் நாட்டின் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பரிசும் உணவும். பசித்த பிள்ளைக்கு உணவு கொடுங்கள், எந்த நிபந்தனையும் இல்லாமல். கூட்டத்துக்கு வந்தால்தான் என்று சொன்னால் அது தூண்டில்.

அநாதை இல்லப் பயணங்கள். உலகெங்கும் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் அவர்களை அங்கே கொண்டுவந்திருக்கிறது. வாரம் ஒரு குழு வந்து கட்டிப்பிடித்துவிட்டுப் போவது அந்தப் பிள்ளைகளுக்கு மறுபடி மறுபடி பிரிவு. அதே பணத்தைக் குடும்பம் சிதறாமல் பார்த்துக்கொள்ளும் ஊழியங்களுக்குக் கொடுக்கலாமா என்று, அந்தப் பயணத்தை அறிவிப்பவரிடமே மரியாதையாகக் கேளுங்கள். நல்ல ஊழியங்கள் இந்தக் கேள்வியை வரவேற்கும்.

படி 8: திரும்பி வந்தபின்

முதல் மூன்று நாளுக்குள் நோட்டைத் திறந்து, வலது பக்கத்தில் எழுதியவற்றில் ஒன்றே ஒன்றை வட்டமிடுங்கள். இந்த மாதம் அது மட்டும். பத்து மாற்றங்களை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொண்டுவந்தால், இத்தனை வருடம் அந்த வகுப்பைச் சுமந்த மற்ற ஆசிரியர்கள் புண்படுவார்கள். "அங்கே இப்படிச் செய்கிறார்கள்" என்ற வாக்கியத்தை முடிந்தவரை சொல்லாதீர்கள்.

சபையில் கிடைத்த பத்து நிமிடத்தில் மாநாட்டு மண்டபத்தின் படங்களைக் காட்டாதீர்கள். ஒரு நபரைப் பற்றிச் சொல்லுங்கள், ஒரு ஜெபக்குறிப்பு கொடுங்கள், சபை செய்ய வேண்டிய ஒன்றைக் கேளுங்கள். நான் கேட்டது வகுப்பறைக் கதவில் ஒரு கண்ணாடி. இரண்டு வாரத்தில் போட்டுக் கொடுத்தார்கள்.

சந்தித்தவர்களில் இரண்டு பேருக்கு ஒரு வாரத்துக்குள் எழுதுங்கள், நாட்காட்டியில் மூன்று மாதம் கழித்து ஒரு தேதியைக் குறித்து மறுபடியும் எழுதுங்கள். மாநாட்டு நட்புகள் பெரும்பாலும் அந்த இரண்டாவது கடிதம் இல்லாமல்தான் முடிந்துபோகின்றன.

அப்புறம், முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள். அந்தப் பிள்ளை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மாநாட்டிலிருந்து வந்தபின் ஒரு ஞாயிறு, வகுப்பு முடிந்ததும் அவனை நாற்காலி அடுக்க உதவிக்குக் கூப்பிட்டேன். நான்கைந்து நாற்காலி ஆனது. "அன்றைக்குத் தாத்தாவைப் பற்றிக் கேட்டாயே, உனக்கு என்ன தோணுது?" என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கடைசி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஆஸ்பத்திரியில் தாத்தா கண்ணை மூடியிருந்தார். நான் காதில் ஜெபம் பண்ணினேன். அவருக்குக் கேட்டிருக்குமா அக்கா?" என்றான்.

அவன் ஜெபித்தது கர்த்தருக்குக் கேட்டதா என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. தாத்தாவுக்குக் கேட்டதா என்பதுதான் இத்தனை வாரமும் அவனுக்குள் இருந்தது. என்ன ஜெபம் பண்ணினாய் என்று கேட்டேன். சொன்னான். தரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் அதையே இன்னொரு முறை ஜெபித்தோம். அவன் அம்மா வாசலில் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை.

மூன்றாவது மாதக் கடிதத்தில் இதைத்தான் அந்தச் சகோதரிக்கு எழுதினேன்.